வண்டிக்கு இல்லை, வரிசைக்கு



சென்ற மாதம் நம் இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று, நான்கே வரி. டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போய்த் தங்கியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மகன் இன்னும் வெளிவராத ஒரு மின்சார பிக்-அப் டிரக்குக்கு 50 டாலர் கட்டிப் பதிவு செய்திருக்கிறாராம். “என்ன விலைக்கு வரும்? ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்? எப்போது கையில் கிடைக்கும்? மூன்றுக்கும் நீங்கள் பதில் சொன்னால், இவனோடு சண்டை போடுவதா, சும்மா இருப்பதா என்று நான் முடிவு செய்துகொள்வேன்” என்று முடித்திருந்தார்.

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அலமாரியைத் திறந்து அப்பாவின் பழைய காகிதக் கட்டை எடுத்தேன்.

ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை என் அப்பாவுடையது. முன்பணம் கட்டிய ரசீதை ரேஷன் கார்டோடு சேர்த்து ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் பிரவுன் டேப் ஒட்டிய ரசீது. அதன் அடியில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி இருக்கும்: வண்டி எடுக்கும் நாளில் அமலில் உள்ள விலையே பொருந்தும். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான், “பணம் கட்டியாச்சே, வண்டி நம்மளுதுதானே?” என்று கேட்டேன். “கட்டினது வண்டிக்கு இல்லடா, வரிசைக்கு” என்றார். வண்டி வந்தபோது விலை ஏறியிருந்தது. மீதிப் பணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டு வந்தது.

டெக்சாஸ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலில் பாதி அந்த ரசீதின் அடி வரியிலேயே இருக்கிறது. மீதிப் பாதியை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

அவருடைய மகன் பதிவு செய்திருப்பது ஸ்லேட் என்ற வண்டிக்கு. மிச்சிகன் மாநிலத்தில் ட்ராய் நகரில் இருந்து இயங்கும் புது நிறுவனம். அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸும் இதில் முதலீடு செய்திருக்கிறார். 2025 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் திரையை விலக்கிக் காட்டினார்கள். உள்ளே இருந்தது, அமெரிக்கா பல ஆண்டுகளாகப் பார்க்காத ஜாதி வண்டி. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, பின்னால் ஐந்தடி தொட்டி. பெயின்ட் கிடையாது, உடல் முழுக்கச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தகடு. ரேடியோ கிடையாது, தொடுதிரை கிடையாது. உங்கள் கைபேசியைச் செருக ஒரு தாங்கி உண்டு. கண்ணாடியை இறக்கக் கதவில் ஒரு கைப்பிடி, அதைப் பிடித்துச் சுற்ற வேண்டும். நம் பழைய அம்பாசிடரில் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கட்டு வலிக்கச் சுற்றியவர்களுக்கு அந்தக் கைப்பிடியை நான் விளக்க வேண்டியதில்லை. 2026-இல் வரப்போகும் மின்சார வண்டியில் அது திரும்பி வருவதுதான் வேடிக்கை.

தொட்டியில் ஏற்றக்கூடிய எடை சுமார் 650 கிலோ. நம்மூர்த் தெருக்களில் ஓடும் ‘குட்டி யானை’யின் மின்சார அவதாரமான டாடா ஏஸ் இவி 600 கிலோ சுமக்கும் என்று அறிமுகமானது. ஏறக்குறைய அந்த வேலைதான், அமெரிக்க உடம்போடு.

இந்த வண்டியைக் கட்டப்போகும் இடம் இண்டியானா மாநிலத்தின் வார்சா என்ற சிற்றூர். அங்கே இருப்பது மூடிக்கிடந்த ஒரு பிரம்மாண்டமான அச்சகம். ஒரு காலத்தில் ஆர்.ஆர். டானெலி நிறுவனத்துக்காக இயந்திரங்கள் இரவு பகலாகச் சுழன்ற கூடம். அச்சு மை வாசனையிலேயே வயதாகிப்போன எனக்கு இந்தச் செய்தி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. காகிதம் போன இடத்துக்கு பேட்டரி வருகிறது.

சரி, மூன்று கேள்விகள். முதலில் விலை.

ஸ்லேட் அறிமுகமான நாளில் எல்லோரும் பிடித்துக்கொண்ட எண், ‘20 ஆயிரம் டாலருக்குள்’. அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 17 லட்சம் ரூபாய். அமெரிக்காவில் புது வண்டியின் சராசரி விலை 50 ஆயிரம் டாலரை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இது கிணற்றில் தண்ணீர் வந்த செய்தி போல இருந்தது. மூன்று வாரத்துக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு வால் இருந்தது: மத்திய அரசின் சலுகை போக. மின்சார வண்டி வாங்குபவருக்கு அரசு அளித்துவந்த 7,500 டாலர் வரிச் சலுகையைக் கழித்த பிறகுதான் 20 ஆயிரத்துக்குள். 2025 ஜூலை 4-ஆம் தேதி அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்தச் சலுகையைச் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடித்துவிட்டது. வால் அறுந்தது. நிறுவனம் தன் பக்கத்திலிருந்து ‘20 ஆயிரத்துக்குள்’ என்பதை எடுத்துவிட்டு, 25 ஆயிரத்தை ஒட்டி என்று பேசத் தொடங்கியது. வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. விலை மட்டும் மாறிவிட்டது.

இதில் ஸ்லேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தத் தொழிலில் முன்னால் போனவர்களின் சுவடுகளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

2019 நவம்பர் 21. கலிஃபோர்னியாவின் ஹாதார்ன். டெஸ்லாவின் எலான் மஸ்க் மேடையில் சைபர்ட்ரக்கை நிறுத்தினார். உடையாத கண்ணாடி என்று காட்ட இரும்புக் குண்டை எறிந்தார்கள். கண்ணாடி விரிசல் விட்டது. இன்னொரு ஜன்னலில் எறிந்தார்கள். அதுவும் விரிசல் விட்டது. உலகம் முழுக்க அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது. யாரும் உற்றுப் பார்க்காமல் விட்டது, மேடையில் சொன்ன எண்களை. ஆரம்ப விலை 39,900 டாலர், 400 கிலோமீட்டர் ஓடும். நடு வண்டி 49,900, ஓட்டம் 480. உச்ச வண்டி 69,900, ஓட்டம் 800 கிலோமீட்டருக்கு மேல். 2021 இறுதியில் உற்பத்தி. திரும்பப் பெறக்கூடிய 100 டாலர் கட்டினால் வரிசையில் இடம்.

2021 வந்தது, வண்டி வரவில்லை. இணையதளத்தில் இருந்த விலைதான் மறைந்தது. முதல் வண்டிகள் உரிமையாளர்களின் கைக்குப் போனது 2023 நவம்பர் 30 அன்று. நடு வண்டி 79,990 டாலர், 547 கிலோமீட்டர். உச்ச வண்டி 99,990 டாலர், 515 கிலோமீட்டர். ஆரம்ப வண்டி பிறகு வரும் என்றார்கள். வந்தது, 2025 ஏப்ரலில், 69,990 டாலருக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் பட்டியலிலிருந்து எடுத்தும்விட்டார்கள். சைபர்ட்ரக்கால் தங்கள் குழியைத் தாங்களே தோண்டிக்கொண்டதாக 2023 அக்டோபரில் முதலீட்டாளர்களிடம் மஸ்க்கே ஒப்புக்கொண்டிருந்தார். சொன்ன மூன்று எண்களில் ஒன்றுகூடச் சொன்னபடி நிற்கவில்லை.

இங்கே நானும் ஒரு கணக்கை நேர்செய்துவிடுகிறேன். 2019 டிசம்பர் இதழில் அந்த 39,900 டாலரை நாமும் கொட்டை எழுத்தில் போட்டோம். ‘நிறுவனம் சொல்வது’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

இதற்கு நேர்மாறான கதை ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். 2021 மே 19 அன்று டியர்பார்னில் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள் அன்றைய அதிபர் ஜோ பைடன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்த வண்டியை ஓட்டிக் காட்டியிருந்தார். ஆரம்ப விலை 39,974 டாலர். சிறிய பேட்டரிக்கு 370 கிலோமீட்டர், பெரிய பேட்டரிக்கு 480 என்ற மதிப்பீடு. 2022 வசந்தத்தில் வரும். தேதியை ஃபோர்டு காப்பாற்றியது. 2022 ஏப்ரல் 26-ஆம் தேதி உற்பத்தி தொடங்கிவிட்டது. தூரத்தில் சொன்னதற்கு மேலேயே கொடுத்தது. பெரிய பேட்டரி வண்டிக்கு அரசுச் சோதனையில் கிடைத்தது 515 கிலோமீட்டர். சறுக்கியது விலையில். 2022 ஆகஸ்டில் 46,974. அக்டோபரில் 51,974. டிசம்பரில் 55,974. 2023 மார்ச்சில் 59,974. இரண்டே வருடத்துக்குள் ஆரம்ப விலை சரியாக 20 ஆயிரம் டாலர் ஏறியிருந்தது. பிறகு ஜூலையில் ஒரே நாளில் 49,995-க்கு இறக்கினார்கள். மார்ச்சில் வாங்கியவர் ஜூலையில் செய்தித்தாளைத் திறந்தபோது அவர் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது கதை ரிவியன். 2021 செப்டம்பரில் முதல் ஆர்1டி வண்டியை வெளியே விட்டு, எல்லோரையும் முந்திக்கொண்ட புது நிறுவனம். 2022 மார்ச் 1-ஆம் தேதி, 67,500 டாலராக இருந்த நான்கு மோட்டார் வண்டியை 79,500 ஆக்கினார்கள். ஏற்கெனவே வரிசையில் நின்றவர்களுக்கும் அதே விலை என்றார்கள். கிளம்பிய கோபத்தில் இரண்டே நாளில் தலைமை நிர்வாகி ஆர்.ஜே. ஸ்காரிஞ்ச் மன்னிப்புக் கேட்டு, பழைய பதிவுகளுக்குப் பழைய விலை என்று இறங்கிவந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தால் ரசீதின் அடி வரிகூட வளையும் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

விலை ஏன் இப்படி ஆடுகிறது? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் பாதிக்கு மேல் வண்டியின் தரைக்கு அடியில் இருக்கிறது. லைட்னிங்கின் பெரிய பேட்டரியில் 131 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஆமாம், நம் வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்து இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் தாண்டி, இந்த வண்டி ஒரே இரவில் குடித்துவிடும். அத்தனையையும் தேக்கி வைக்கும் பேட்டரிக்கு லித்தியம் வேண்டும். சீனச் சந்தையில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் 2021 தொடக்கத்தில் 50 ஆயிரம் யுவான் அளவில் இருந்தது. 2022 நவம்பரில் 6 லட்சத்தை நெருங்கியது. அந்த ஆண்டு பேட்டரியின் உலகச் சராசரி விலை யூனிட்டுக்கு 151 டாலர் என்று ப்ளூம்பெர்க்என்இஎஃப் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 2024-இல் அது 115-க்கு இறங்கியது. 131-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒரே பேட்டரிக்குள் ஏறக்குறைய 4,700 டாலர் வித்தியாசம். அறிவிக்கும் நாளுக்கும் வண்டியை எடுக்கும் நாளுக்கும் நடுவே இரண்டு வருடம் இருந்தால், அந்த இரண்டு வருடத்து லித்தியத்தின் தலையெழுத்தும் உங்கள் பில்லில்தான் எழுதப்படுகிறது.

விலைக்குப் பின்னால் ஒரு கோழிக் கதையும் உண்டு. 1960-களில் அமெரிக்கக் கோழி இறைச்சி மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் சந்தைகளில் மலிவாகக் கொட்டியது. ஐரோப்பியர்கள் அதன் மேல் வரி போட்டார்கள். பதிலடியாக அமெரிக்கா, உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி ஆகியவற்றோடு சிறு டிரக்குகளின் மேலும் 25 சதவீத வரி போட்டது. 1964-இல் அமலுக்கு வந்தது. மாவும் பிராந்தியும் எப்போதோ பட்டியலை விட்டுப் போய்விட்டன. டிரக் வரி இன்னும் நிற்கிறது. அமெரிக்கர்கள் இன்றும் அதைக் ‘கோழி வரி’ என்றுதான் சொல்கிறார்கள். ஆசியாவிலிருந்து மலிவான சிறு டிரக் அந்த ஊருக்குள் வராமல் போனதற்கும், உள்ளூர் டிரக்குகள் போட்டி இல்லாமல் யானையாக வளர்ந்ததற்கும் அந்தக் கோழியும் ஒரு காரணம். ஸ்லேட் போன்ற ஒரு குட்டி வண்டிக்காக ஒரு லட்சம் பேர் வரிசையில் நின்றதைப் புரிந்துகொள்ள இந்தக் கதை தேவை.

அடுத்து தூரம்.

ஸ்லேட்டின் சாதாரண பேட்டரி 52.7 யூனிட், சுமார் 240 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். கூடுதல் பணம் கொடுத்தால் 84.3 யூனிட் பேட்டரி. சுமார் 385 கிலோமீட்டர். இந்த எண்கள் வரும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். அமெரிக்காவில் வண்டியை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். நகர ஓட்டம் ஒன்று, நெடுஞ்சாலை ஓட்டம் ஒன்று. கிடைத்த தூரத்தைப் பொதுவாக 0.7-ஆல் பெருக்கிக் குறைத்துத்தான் வில்லையில் அச்சடித்து வண்டியில் ஒட்டுவார்கள். ஆகவே அது கண்மூடித்தனமான எண் இல்லை. ஆனாலும் அது சுமை இல்லாத, குளிர் இல்லாத, எதிர்க்காற்று இல்லாத உலகத்தின் எண்.

டிரக்கை யாரும் வெறுமனே ஓட்டுவதற்கு வாங்குவதில்லை. பின்னால் ஒரு பெரிய இழுவை வண்டியை மாட்டினால் மின்சார டிரக்கின் தூரம் சுமார் பாதியாகச் சுருங்குகிறது. லைட்னிங், ரிவியன் இரண்டையும் இழுக்க வைத்துப் பார்த்த மோட்டார் பத்திரிகைகள் எல்லாம் இதைத்தான் எழுதின. இதில் எடையைவிடக் காற்றின் தடைதான் பெரிய வில்லன். அலமாரி போல நிமிர்ந்து நிற்கும் இழுவை வண்டி காற்றை முட்டிக்கொண்டே போகிறது. மிச்சிகன், மினசோட்டா பக்கத்துப் பனிக்காலத்தில் பேட்டரியும் மந்தமாகிவிடும், ஹீட்டரும் அதிலிருந்தே குடிக்கும்.

இன்னொரு சின்னக் கணக்கு. பேட்டரியின் ஆயுளை மனதில் வைத்து அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்துபவர்கள் நிறைய. 10 சதவீதத்துக்குக் கீழே போக யாருக்கும் துணிச்சல் வராது. நடுவில் இருப்பது 70 சதவீதம். 240 கிலோமீட்டரில் 70 சதவீதம் என்றால் 168. வில்லையில் 240 என்று படித்தவர் மனதில் 168 என்று எழுதிக்கொண்டால் வழியில் நெஞ்சு படபடக்காது. சராசரி அமெரிக்கர் நாளொன்றுக்கு ஓட்டுவது 50, 60 கிலோமீட்டர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போய்வந்து, சனிக்கிழமை மரச்சட்டம் வாங்கி வருபவருக்கு 168 தாராளம். குதிரைகளை ஏற்றிய இழுவை வண்டியை மாட்டிக்கொண்டு மாநிலம் தாண்டுபவருக்கு 800-ஏகூடப் போதாது.

தூரமும் விலையும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். லைட்னிங் போன்ற பெரிய வண்டிக்கு 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 25 யூனிட் வேண்டும். 2024-ஆம் ஆண்டு விலையில் அந்த 25 யூனிட் பேட்டரிக்கு மட்டும் சுமார் 2,900 டாலர். ‘இன்னும் நூறு கிலோமீட்டர் ஓடினால் நன்றாக இருக்குமே’ என்று நாம் ஆசைப்படும்போதெல்லாம் விலையின் மேல் இன்னொரு செங்கல் ஏறுகிறது. சைபர்ட்ரக் மேடையில் சொன்ன 800 கிலோமீட்டரும் 69,900 டாலரும் ஒரே வண்டியில் சேர்ந்து உட்காராமல் போனதற்குக் காரணம் இதுதான். ஸ்லேட் இந்தக் கயிற்றின் விலை நுனியைப் பிடித்திருக்கிறது. ரேடியோவையும் பெயின்டையும் கழற்றி வைத்தது அதற்காகத்தான்.

மூன்றாவது, தேதி. 2026 இறுதியில் டெலிவரி என்பது ஸ்லேட் சொல்வது. லைட்னிங் சொன்ன தேதிக்கு வந்ததற்குக் காரணம், 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக்கான எஃப் வரிசையைப் பல்லாண்டுகளாகக் கட்டிய கைகள் அதைக் கட்டின. சைபர்ட்ரக் இரண்டு வருடம் பிந்தியதற்குக் காரணம், வளைய மறுக்கும் எஃகுத் தகட்டில் யாரும் அதுவரை டிரக் கட்டியதில்லை. ஸ்லேட்டுக்கு இரண்டும் உண்டு: வண்டி எளிமையானது, கை புதியது. பெயின்ட் அடிக்கும் கூடமே இல்லாத தொழிற்சாலை என்பதால் பெரிய தலைவலி ஒன்று குறைகிறது. ஆனால் முதல் வண்டியைக் கட்டுவதும் ஐம்பதாயிரமாவது வண்டியைக் கட்டுவதும் ஒன்றல்ல. வரிசையில் லட்சத்துக்கு மேல் ஆள் நிற்கும்போது, ‘உற்பத்தி தொடங்கும் நாள்’ வேறு, ‘உங்கள் வாசலுக்கு வரும் நாள்’ வேறு.

வாசகரின் மகன் இன்னொரு வண்டிக்கும் காது கொடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 11 அன்று கென்டக்கியின் லூயிவில் ஆலையில் நின்று ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லி ஒரு நடுத்தர மின்சார பிக்-அப்பை அறிவித்தார். நான்கு கதவு, சுமார் 30 ஆயிரம் டாலர், 2027. வழக்கத்தைவிட 20 சதவீதம் குறைந்த உதிரிபாகங்கள். முன்பக்கம், பின்பக்கம், பேட்டரியோடு கூடிய தரை என மூன்றாகத் தனித்தனியே கட்டிக் கடைசியில் இணைக்கும் முறை. நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத மலிவான எல்எஃப்பி பேட்டரி, மிச்சிகனின் மார்ஷல் ஊர் ஆலையிலிருந்து. நூற்றாண்டுக்கு முன் மாடல் டி கார் செய்த வேலையை இது செய்யும் என்பது ஃபார்லியின் பேச்சு. அன்று விலையையும் ஆண்டையும் சொன்னார்கள். தூரத்தை மட்டும் பிறகு சொல்வோம் என்று வைத்துக்கொண்டார்கள். கயிற்றின் ஒரு நுனியை மட்டும் காட்டினால் மறு நுனி எங்கே என்று கேட்கப் பழகுங்கள்.

அதே ஃபோர்டு 2025 டிசம்பரில் லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அடுத்து வரும் லைட்னிங்கில் பேட்டரியோடு அதற்கு மின்சாரம் ஊட்ட ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்குமாம். நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு துணைச் செய்தி உண்டு. 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போன மறைமலைநகர் ஆலைக்கு ஃபோர்டு திரும்பி வருகிறது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2029 முதல் அங்கே ஆண்டுக்கு 2,35,000 வரை உற்பத்தியாகப் போவது பேட்டரி அல்ல, எஞ்சின். மின்சார டிரக்கின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் அதே வாய் எஞ்சினுக்கும் பணம் எடுத்து வைக்கிறது. அறிவிப்பைக் கேட்கும்போது முதலீடு போகும் திசையையும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘அப்படியானால் அந்தப் பையன் பதிவு செய்தது தப்பா?’ என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. திரும்பக் கிடைக்கும் 50 டாலர் என்பது சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்ந்த செலவு. அதைக் கொடுத்து வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். மூன்று காரியங்களைச் செய்தால் போதும். பழைய வண்டியைப் புது வண்டியின் தேதியை நம்பி விற்க வேண்டாம். பட்ஜெட் போடும்போது அறிவித்த விலைக்குப் பதிலாக, சலுகை எதுவும் இல்லாத, ஏற்றுக்கூலியும் வரியும் சேர்ந்த ஆன்-ரோடு விலையை எழுதிக்கொள்ளட்டும். அதற்கு மேல் கொஞ்சம் காற்றும் விட்டு வைக்கட்டும். இறுதி விலையை நிறுவனம் சொல்லும் நாளில், அது கைக்கு மீறினால், வெட்கப்படாமல் 50 டாலரைத் திருப்பி வாங்கட்டும். வரிசையை விட்டு விலகுவது தோல்வி இல்லை.

இதை முன்னிட்டு நம் இதழிலும் ஒரு மாற்றம். அடுத்த இதழ் முதல் ‘வரவிருக்கும் வண்டிகள்’ பகுதியில் எந்த விலையும், தூரமும், தேதியும் தனியாக வராது. யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, எந்த நிபந்தனையோடு சொன்னது என்ற மூன்றும் கூடவே இருக்கும். பழைய எண் மாறினால் அடித்து எழுதாமல், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். கொட்டை எழுத்து, அரசுச் சோதனை முடிந்து வில்லை ஒட்டிய வண்டிக்கு மட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்த வண்டிக்காவது பதிவு செய்து காத்திருந்திருக்கிறீர்களா? கட்டிய நாளின் விலையும் எடுத்த நாளின் விலையும் நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். பழைய ரசீது இருந்தால் அதன் நகலும் வரட்டும். தேர்ந்தெடுத்து வெளியிடுகிறோம்.

டெக்சாஸ் அன்பருக்கு: மகனோடு சண்டை வேண்டாம். அவர் பதிவு செய்த பக்கத்தைத் திறந்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அடியில் இருக்கும் சின்ன எழுத்தைச் சத்தமாகப் படியுங்கள். என் அப்பாவுக்கு அது ஒரே வரியாக இருந்தது. உங்களுக்கு ஒரு பக்கம் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்